நாலாம் நம்பர் மீன்

மீனை வாங்குவோம், ஆனால் தின்ன மாட்டோம். அரைத்துத் தட்டில் தடவி, அதில் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, மிச்சத்தை வேகவைத்துக் குழிதோண்டிப் புதைப்போம். இதுதான் எங்கள் தொழில்.

திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் நான் திட்ட உதவியாளர். எம்.எஸ்ஸி. முடித்த வருடமே கிடைத்த வேலை. ஊருக்குள் விற்கிற மீனில் நோய்க்கிருமிகள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்க்கும் சிறிய ஆய்வு. வாரத்தில் இரண்டு நாள் மீன் மார்க்கெட்டுக்குப் போய் மாதிரி எடுக்க வேண்டும். மீதி நாட்களில் அதைச் சோதிக்க வேண்டும். அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பத்துப் பேர் இருக்கிற இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறவர்களும், ஆய்வகத்திலிருந்து வீட்டுக்குப் போய் சோப்புப் போட்டுப் போட்டே கை வெளுத்தவர்களும் இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே இனம். சிரிக்க முடிகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். அப்படி நிறைய இடம் இருக்காது.

கண்டக்டரின் கேள்வி

எடுத்த மீனை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைத்து, சூடு ஏறுவதற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். கல்லூரி ஊருக்கு வெளியே. டவுன் பஸ்தான் வாகனம். அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் காலையிலேயே பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நெற்றி நிறைய விபூதி பூசிய ஒரு அம்மாவின் பக்கத்தில் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நிறுத்தம் போவதற்குள் அந்த அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்து முன் சீட்டு காலியானது. பிறகு பின் சீட்டு. படிக்கட்டில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வந்த அந்த பஸ்ஸில் என்னைச் சுற்றி மட்டும் கோலம் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. கண்டக்டர் வந்து பெட்டியில் என்ன என்று கேட்டார். கோயிலுக்குப் போகிறவர்கள் நடுவில் மீன் என்று சொல்ல வாய் வரவில்லை. சாம்பிள் என்றேன். அவர் குனிந்து பெட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "சாம்பிளே இப்டி நாறுதேம்மா, மொத்த சரக்கையும் எந்த வண்டியில ஏத்தப் போற?"

கையுறை போட்ட பெண்

ஆறு கடைகளில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது திட்டம். முதல் நாள் கையுறை மாட்டிக்கொண்டு, கிருமி நீக்கிய பைகளைப் பிடித்துக்கொண்டு, மார்க்கெட் சுவரோரம் அரை மணி நேரம் நின்றேன். என்னைப் பார்த்ததும் ஒரு கடைக்காரம்மா மீன் குவியலைக் கோணியால் மூடினார். இன்னொருவரிடம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய் ஒரு கெண்டை வேண்டும் என்றேன். இரண்டு கூடை கெண்டையை முன்னால் வைத்துக்கொண்டே, கெண்டை இல்லை என்றார்.

நுழைவாயிலை ஒட்டி முதல் இடத்தில் கடை வைத்திருந்தவர் அஞ்சலை அக்கா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சாத்தனூர் அணை மீன்தான் அவர் வியாபாரம். சில நாள் கடலூர்ப் பக்கமிருந்து வண்டியில் வரும் கடல் மீனும் இருக்கும். ரொம்ப நேரமாக நிற்கிறேனே, யாராவது வர வேண்டுமா என்று அவராகவே கேட்டார். நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. தராசைப் பக்கத்துக் கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையுறையோடு சேர்த்து என் மணிக்கட்டைப் பிடித்து, மற்ற ஐந்து கடைகளுக்கும் இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கையுறையை உடனே மாற்ற வேண்டும் என்பது விதி. மாற்றவில்லை. பிடித்த கையை எப்படி உதறுவது? ஒவ்வொரு கடையிலும் அவர் சொன்னது ஒரே வாசகம்தான்: "ஆபீசர்லாம் இல்லடி. நம்ம ஊட்டுப் பொண்ணு, காலேஜுல மீனப் படிக்குது."

இரண்டு தண்ணி

மாதிரி எடுப்பதில் ஒரு விதி முக்கியமானது. மீன் குவியலில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே எடுத்துப் பையில் போட வேண்டும். துடைக்கக் கூடாது, கழுவக் கூடாது. மற்ற ஐந்து கடைகளிலும் அதற்குத் தொந்தரவே இல்லை. எடுத்துக்கொள் என்று கையைக் காட்டிவிட்டு அவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அஞ்சலை அக்கா அப்படி விட மாட்டார். குவியலில் நல்ல மீனாகத் தேடி எடுப்பார். மார்க்கெட் நடுவில் ஒரு நீல நிற டிரம் இருக்கிறது. விடிகாலையில் குழாய்த் தண்ணீர் பிடித்து வைப்பார்கள். கை கழுவ, கத்தி கழுவ, பலகை கழுவ எல்லாருக்கும் அதே டிரம், அதே மக்கு. நான் போகும் நேரத்துக்குத் தண்ணீர் கஞ்சி நிறத்துக்கு வந்திருக்கும். அந்தத் தண்ணீரை மொண்டு, என் மீனை மட்டும் இரண்டு தரம் நன்றாக அலசி, உதறி, பையில் போடுவார்.

மற்றவர்களுக்கு நிறுத்து அப்படியே கொடுத்துவிடுவார். அவர்கள் வீட்டில் போய்க் கழுவிக்கொள்வார்களாம். வேண்டாம் அக்கா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கூட்டிக்கொண்டு போனதால்தான் எனக்கு ஆறு கடையிலும் மீன் கிடைத்தது. அவர் அலசுவது தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுவாரமும் அப்படியே நினைத்தேன். நான் ஏதோ சொல்ல வாயெடுத்ததைப் பார்த்து, அது நன்றி சொல்லத்தான் என்று நினைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "கழுவாம மிசின்ல போட்டா மிசின் கெட்டுடும் பாப்பா. உனக்குன்னா ரெண்டு தண்ணி அலசித்தான் குடுப்பேன்."

பைமேல் எழுதியது

எந்தக் கடையில் என்ன கிருமி என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக, கடைகளுக்குப் பெயர் போடாமல் எண் போடச் சொல்லியிருந்தார் எங்கள் ஆய்வின் தலைவர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். நல்ல ஏற்பாடுதான். அதைக் கெடுத்தது நான். எண்ணை ஆய்வகத்தில் வந்து எழுதியிருக்கலாம். மாறிப்போய்விடுமோ என்ற பயத்தில், மீனை வாங்கிய இடத்திலேயே, கடைக்காரர் கண் முன்னாலேயே பைமேல் மார்க்கரால் எழுதினேன்.

இரண்டாவது வாரமே ஆறு பேருக்கும் தங்கள் எண் மனப்பாடம். ஒன்றாம் எண்காரம்மா கொஞ்சம் மிதப்பாகவே இருந்தார். ஆறாம் எண்காரம்மா, தன்னை ஏன் கடைசியில் தள்ளினேன் என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அஞ்சலை அக்கா கடை வாசலில் முதலில் இருந்தாலும், நான் சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு வந்தது நாலு. அவருக்கு அது பிடித்துவிட்டது. மீன் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், காலேஜில் தனக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மார்க்கர் தீர்ந்துபோய் எண் மங்கலாக விழுந்தது. அவர் பையைத் திருப்பி என்னிடமே நீட்டினார்: "நல்லா அழுத்தி எழுது பாப்பா. நாலுன்னா நான்தான், மாத்திப் போட்டுடாத."

பச்சை மினுக்கு

மனிதக் கழிவு கலந்த தண்ணீர் பட்டால் மீனில் ஏறுகிற கிருமி ஒன்று உண்டு. ஈ.கோலை என்று படித்திருப்பீர்கள். அதற்கென்று இருக்கிற தட்டில் தடவி, ஒரு நாள் சூட்டில் வைத்து எடுத்தால், பட்டுப்புடவை ஜரிகை மாதிரி பச்சை மினுக்கோடு புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். பார்க்க அவ்வளவு அழகு. படிக்கிற காலத்தில் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆறு கடைத் தட்டிலும் பச்சை கொஞ்சம் இருந்தது. நாலாம் எண் தட்டில் மட்டும் புள்ளிகளை எண்ண முடியாத அளவுக்கு மினுக்கியது. இரண்டு வாரங்களில், வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்குகிற இன்னொரு கிருமியும் அதே மீனில் வந்தது. அது சிவப்புத் தட்டில் கறுப்புப் பொட்டாக முளைக்கும்.

காரணம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். மாதிரி எடுக்கும் படிவத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. 'கடைக்காரர் கழுவிக் கொடுத்தார்' என்று மூன்று சொல் எழுத இடம் இருந்தது. எழுதினால், ஏன் தடுக்கவில்லை என்று மேடம் கேட்பார். அதனால் வாரா வாரம் அதில் ஒரு கோடு மட்டும் போட்டேன். ஆய்வக உதவியாளர் தனசேகர் அண்ணா தட்டுகளை வெளியே எடுத்து அடுக்குவார். நாலாம் எண்ணைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து ரகசியமாகச் சொன்னார்: "இது யாரு கடைன்னு மட்டும் சொல்லிடும்மா, எங்க ஊட்ல அங்க வாங்காதன்னு சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை

வெளியில் பேசாததையெல்லாம் சேர்த்து வைத்து வீட்டில் பேசுகிறவள் நான். எங்கள் வீடு கீழ்பென்னாத்தூரில். ஞாயிறு என்றால் மீன் குழம்பு. அம்மா அரிவாள்மனையில் மீனை நறுக்கிவிட்டு, மனையை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, அதிலேயே தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம் அரியத் தொடங்கினார். நான் போட்ட சத்தத்தில் அப்பா கொல்லையிலிருந்து ஓடி வந்துவிட்டார். கொதிக்கிற குழம்பில் கிருமி செத்துப்போகும், பயம் குழம்பில் இல்லை, மீன் பட்ட கத்தியிலும் கையிலும்தான், பச்சையாகத் தின்கிற வெங்காயத்தில் அது ஒட்டிக்கொண்டு போகும் என்று மூச்சு விடாமல் விளக்கினேன். கல்லூரியில் இப்படிப் பேசியிருந்தால் எனக்குப் பரிசே கொடுத்திருப்பார்கள்.

அம்மா வெங்காயத்தை எருக்குழியில் கொட்டினார். அரிவாள்மனையைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சுடுதண்ணீர் ஊற்றினார். குழம்பு கொதித்து இறங்கிய பிறகும் யாரும் ரசித்துச் சாப்பிடவில்லை. அப்பா ரசம் இருக்கிறதா என்று கேட்டார். பாத்திரத்தை மூடி வைத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "நீ படிச்சி முடிச்சதுலேர்ந்து இந்த ஊட்ல ஒரு வாய் நிம்மதியா எறங்கல."

உயரமான கட்டம்

ஆய்வு முடிந்ததும், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு மண்டபத்தில் மேடம் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தார். மீன் விற்கிறவர்கள், மார்க்கெட் குத்தகைதாரர், மீன் வாங்குகிற மெஸ்காரர்கள் என்று ஐம்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அஞ்சலை அக்கா தலைக்குக் குளித்து, பூ வைத்து, நல்ல புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவரிடம் தினமும் மீன் எடுக்கிற, பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்காரர் அவருக்குப் பின்னால் இருந்தார். யார் பெயரையும் சொல்ல மாட்டோம், எண் மட்டும்தான் என்று மேடம் முதலிலேயே உறுதி கொடுத்தார். மேடத்துக்கு அந்த எண்கள் மார்க்கெட்டில் எல்லாருக்கும் தெரியும் என்பது தெரியாது. எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். மேடம் தலையசைத்தார். பொத்தானை அழுத்தினேன்.

சுவரில் விழுந்த வரைபடத்தில், கடைக்கு ஒன்றாக ஆறு கட்டங்கள் எழும்பின. ஐந்து கட்டங்கள் முழங்கால் உயரம். நாலாவது கட்டம் மட்டும் சிவப்பாக, உத்தரம் வரைக்கும் போய் நின்றது. அந்த உயரம் எதைக் குறிக்கிறது என்று மேடம் இன்னும் சொல்லத் தொடங்கவில்லை. அஞ்சலை அக்கா எழுந்து நின்றார். பின்னால் திரும்பி எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, முகம் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நாலாம் நம்பரு நான்தாங்க மேடம்."

ஒரு தண்ணி ஜாஸ்தி

அன்று மேடம் நன்றாகத்தான் பேசினார். கிருமி எப்படி வருகிறது, குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அது என்ன செய்யும், மீனை எப்படி வைத்திருக்க வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் எல்லாம் சொன்னார். கேட்டுவிட்டுப் போனவர்கள் கொண்டுபோனது ஒரே ஒரு விஷயம்: நாலாம் நம்பர். மறுவாரம் நான் போனபோது, வாசலில் இருந்த முதல் இடத்தில் வேறு ஆள் இருந்தார். மார்க்கெட் பேர் கெட்டுவிடும் என்று குத்தகைதாரர் அஞ்சலை அக்காவைப் பின்பக்கம், சாக்கடையை ஒட்டிய இடத்துக்கு மாற்றியிருந்தார். மெஸ்காரர் மறுநாளே வேறு கடைக்குப் போய்விட்டார். காலை பத்து மணிக்குத் தீர்ந்துபோகிற குவியல் நண்பகலிலும் அப்படியே கிடந்தது. கணவர் இல்லாதவர் அவர். மகள் செவிலியர் படிப்பில் இருந்தாள். அந்தக் குவியல் தீர்வதில்தான் அந்த வீடு நின்றது.

என்னைத் திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். திட்டியிருந்தால் இதை எழுதுவது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் சற்று நகர்ந்து, சாக்கடைத் தண்ணீர் படாத பக்கத்தில் எனக்கு நிற்க இடம் கொடுத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "இன்னும் ஒரு தண்ணி ஜாஸ்தியா அலசினா கம்மியாகுமா பாப்பா?"

அடிக்குறிப்பு

அதைக் கேட்ட பிறகும் மேடத்திடம் பேச எனக்கு ஒன்பது நாள் ஆனது. கடைசியில் பேசவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, அவர் மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நின்றேன். மேடம் படித்தார். என்னைக் கூப்பிட்டு, குறிப்புக் கட்டத்தில் போட்டிருந்த கோடுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். சத்தம் போடவில்லை. மறுவாரமே ஆறு கடைகளிலும் திரும்ப மாதிரி எடுக்கச் சொன்னார். மீன் கிடக்கிறபடியே எடுக்க வேண்டும், டிரம் தண்ணீரையும் தனியாக எடுக்க வேண்டும். அஞ்சலை அக்கா மக்கை எடுப்பதற்குள் மீனைப் பையில் போட்டுக்கொண்டேன். டிரம் தண்ணீர் தட்டு முழுக்கப் பச்சையாக மினுக்கியது. அஞ்சலை அக்காவின் கழுவாத மீன் மற்ற ஐந்து கடை மீன்களைப் போலத்தான் இருந்தது. இரண்டு கடைகளை விடக் கம்மி என்றுகூடச் சொல்லலாம்.

அந்த முடிவு வந்ததில் நல்லதும் நடந்தது. டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மூன்று குழாய் வைத்தார்கள். குத்தகைதாரர் குழாயைத் திறந்து வைப்பது மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். மார்க்கெட்டில் எல்லா மீனும் முன்பைவிடச் சுத்தமாகிவிட்டது. நாலாம் எண்ணை என்ன செய்வது என்று கேட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரிப்போர்ட் போயாச்சும்மா, இனிமே மாத்த முடியாது. அடிக்குறிப்பா ஒரு வரி போட்டுடலாம்."

செதில்

விஷயத்தைச் சொல்ல நான் மார்க்கெட்டுக்குப் போனபோது, சாக்கடையோரத்து இடமும் காலியாக இருந்தது. அஞ்சலை அக்கா மீன் விற்பதை விட்டுவிட்டார். மற்ற கடைகளில் மீன் வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் செதில் எடுத்து நறுக்கிக் கொடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த வரிசையின் கடைசியில் இருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். டிரம்மைப் பற்றி, தட்டுகளைப் பற்றி, குறிப்புக் கட்டத்தைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. செதில்கள் தெறித்து என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டிருந்தன.

எல்லாம் கேட்டு முடித்து, ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். கழுவக் கூடாது என்பது எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்றார். முதல் நாளிலிருந்தே என்றேன். அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்: "கழுவாதக்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் இன்னா கோச்சிக்கவா போறேன்?"

முதல் டேபிள்

மெஸ்காரர் திரும்ப மீன் எடுத்தால் போதும், மறுபடி கடை போடலாம், மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று அக்கா நம்பினார். நான் கூட வந்து சொல்கிறேன் என்றேன். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். கல்லாவில் இருந்த மெஸ்காரரிடம், டிரம் தண்ணீர் முடிவையும் அக்காவின் மீன் முடிவையும் எழுதிய தாளைக் காட்டி விளக்கினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அஞ்சலை மீனைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்றார், தான் நம்புவதாகவும் சொன்னார். ஆனால் சாப்பிட வருகிறவர்களுக்கு யார் சொல்வது, நீ டேபிள் டேபிளாகப் போய்ச் சொல்வாயா என்று கேட்டார். என்னை அனுப்பி வைப்பதற்காகத்தான் கேட்டிருப்பார். நான் சொல்கிறேன் என்றேன்.

முதல் டேபிளில் மூன்று பேர் வாழையிலையில் மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் நின்று, என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு அறை முழுக்கக் கேட்கும்படி பேசினேன். அஞ்சலை அக்கா மீனில் கிருமி என்று சொன்னது தவறு, கிருமி இருந்தது தண்ணீரில்தான், சோதித்துப் பார்த்துவிட்டோம், பயப்படாமல் சாப்பிடலாம் என்றேன். கிருமி என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே மூன்று கைகள் இலைமேல் அப்படியே நின்றன. பக்கத்து டேபிள் திரும்பிப் பார்த்தது. ஒருவர் வறுத்த துண்டை எடுத்து முகர்ந்தார். இன்னொருவர் மீனை இலை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ரசம் கேட்டார். பரிமாறுகிறவர் குழம்பு வாளியோடு நடுவழியில் நின்றுவிட்டார்.

மெஸ்காரர் எழுந்து வந்து என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அஞ்சலை அக்கா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மெஸ்காரர் அதன் பிறகு அவரிடம் மீன் எடுக்கவில்லை. இன்றும் அவர் செதில் எடுக்கும் வரிசையில்தான் இருக்கிறார், மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் உட்கார்கிறாள். அன்று ரசம் கேட்டவர், பாதி சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டுக் கை கழுவ வந்தார். அஞ்சலை அக்கா யார் என்று தெரியாமல், அவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கூட வந்தவரிடம் சொன்னார்: "நல்லாக்குதுன்னு சொல்றதுக்கே காலேஜ்லேர்ந்து ஒரு ஆளு வருதுன்னா, அதுல இன்னாவோ இருந்துக்குதுன்னுதான அர்த்தம்."

கிருமியைக் கண்டுபிடிக்க நான்கு செமஸ்டர் படித்தேன். வாயை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்ற பாடம் ஐந்தாவது செமஸ்டரில் இருந்திருக்கும் போலிருக்கிறது, அதற்குள் பட்டம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.